காந்தத்தை அளந்த பொறியாளர்

காந்தத்தோடு விளையாடாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. மேஜையின் மேல் ஒரு குண்டூசியை வைத்துக் காந்தத்தை மெல்ல மெல்ல அதன் பக்கம் நகர்த்திப் பாருங்கள். ஒரு சாண் தூரத்தில் ஊசி அசையாது. நான்கு விரற்கடைத் தூரத்திலும் பெரும்பாலும் அசையாது. அப்புறம் ஏதோ ஓர் இடத்தில் சட்டென்று தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். தூரம் குறையக் குறைய இழுப்பு கூடுகிறது என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எவ்வளவு தூரம் குறைந்தால் எவ்வளவு இழுப்பு கூடும் என்பதுதான் கேள்வி.

பார்வைக்கு எளிதான இந்தக் கேள்வி பெரிய மேதைகளையே திணற அடித்திருக்கிறது. அதற்குச் சரியான விடையைக் கருவி கொண்டு அளந்து நிலைநாட்டியவர், பிரான்ஸ் நாட்டு இராணுவத்தில் கோட்டை கட்டும் வேலை பார்த்த ஒரு பொறியாளர். அவர்தாம் சார்ல் அகுஸ்தேன் கூலூம். பௌதிகப் புத்தகத்தில் மின்சாரப் பாடத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அவர் பெயர் இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்படுவதில்லை.

கூலூம் 1736ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், பிரான்சின் தென்மேற்கில் உள்ள அங்குலேம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். தாயார் வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர். குடும்பம் பாரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நல்ல கல்லூரி ஒன்றில் சேர்ந்து மொழியும் இலக்கியமும் கணிதமும் பயின்ற சிறுவனுக்கு, லெமோனியே என்ற வானவியல் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்ட பிறகு கணிதத்தின் மேல் தீராத பற்று உண்டாயிற்று.

மகன் மருத்துவன் ஆகவேண்டும் என்பது தாயாரின் விருப்பம். மகனோ கணிதம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நின்றான். இந்தச் சமயத்தில் தந்தை பணத்தைத் தவறான வழியில் முதலீடு செய்து பெரும்பகுதியை இழந்துவிட்டுத் தம் சொந்த ஊரான மோன்பெல்லியே நகருக்குப் போய்ச் சேர்ந்தார். தாயோடு மனத்தாங்கல் கொண்ட இளைஞரும் தந்தையிடமே போய்விட்டார். படிப்பைப் பற்றிய சண்டை எந்த நாட்டுக்கும் எந்தக் காலத்துக்கும் பொதுவானது போலும்! மோன்பெல்லியேயில் இருந்த விஞ்ஞானக் கழகம் 1757இல் அவரை இளம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுகூட நிறையவில்லை.

கணிதம் சோறு போடாது என்பதால், இராணுவப் பொறியியல் பயில மெசியேர் என்ற ஊரில் இருந்த புகழ்பெற்ற பள்ளியில் 1760இல் சேர்ந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் தேறி வெளியே வந்தார். முதல் வேலை பிரெஸ்ட் துறைமுகத்தில். இரண்டு ஆண்டுகளில் ஓர் உத்தரவு வந்தது. கடல் கடந்து மார்த்தினீக் தீவுக்குப் போகவேண்டும் என்று.

மார்த்தினீக் என்பது மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று. கரும்புத் தோட்டங்களும், அவற்றில் பாடுபட ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் நிறைந்திருந்த தீவு. (நெப்போலியனின் மனைவி ஜோசபீன் பிறந்ததும் இங்கேதான், கூலூம் வந்து இறங்கியபோது அவள் கைக்குழந்தை.) 1762இல் ஆங்கிலேயர் இத்தீவைப் பிடித்துக்கொண்டு மறு ஆண்டு உடன்படிக்கையின்படித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மறுபடி அப்படி நேராதிருக்க மலைமேல் ஒரு பலத்த கோட்டை வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அந்தப் பூர்போன் கோட்டையைக் கட்டும் பொறுப்பு இருபத்தெட்டு வயதுகூட ஆகாத கூலூமின் தலையில் விழுந்தது.

எட்டு ஆண்டுகள் அங்கே கிடந்தார். வெயிலும் காய்ச்சலும் அவரை விட்டபாடில்லை. பலமுறை படுத்த படுக்கையானார். 1772இல் தாய்நாடு திரும்பியபோது உடல்நலம் நிரந்தரமாகக் கெட்டுப்போயிருந்தது. அதன் பின் சாகும்வரை அவர் முழு ஆரோக்கியத்தோடு இருந்ததில்லை. ஆனால் அந்த எட்டு ஆண்டுகள் முற்றிலும் வீணாகிவிடவில்லை. மண் சரியாமல் நிற்க மதில் எவ்வளவு கனமாக இருக்கவேண்டும், தூண் எந்த இடத்தில் பிளக்கும், வளைவு எப்படித் தாங்கும் என்றெல்லாம் வேலை இடத்திலேயே பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டார். திரும்பி வந்த மறு ஆண்டே அவற்றைக் கணிதமாக்கிப் பாரிஸ் விஞ்ஞானப் பேரவையின் முன் வைத்தார். தாங்குசுவர் கட்டும் பொறியாளர்கள் இன்றைக்கும் அந்தக் கணக்கைப் படிக்கிறார்கள்.

என் கணிப்பில், அவருடைய காந்த ஆராய்ச்சிக்கும் அடித்தளம் அங்கேதான் போடப்பட்டது. கல்லையும் மண்ணையும் வைத்து வேலை செய்பவன் ஊகத்தை நம்பிக் கட்ட முடியாது. அளந்து பார்த்தாக வேண்டும்.

அவர் காந்தத்தின் பக்கம் திரும்பியது ஒரு பரிசுப் போட்டியால். கப்பலில் வைக்கும் திசைகாட்டிக்கு நல்ல காந்த ஊசி செய்யும் முறை எது என்று பாரிஸ் பேரவை கேட்டிருந்தது. அக்காலத்து ஊசிகள் ஒரு கூரிய முளையின் மேல் உட்கார்ந்து சுழலும். முளையில் உராய்வு இருப்பதால் ஊசி நிற்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னோ பின்னோ நின்றுவிடும். காந்த ஊசி காட்டும் திசை ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் மிகச் சிறிதளவு மாறுகிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது. அந்தச் சிறு மாறுதலை முளை ஊசியால் நம்பகமாக அளக்க முடியவில்லை. கூலூம் முளையையே நீக்கிவிட்டார். மெல்லிய பட்டிழையில் ஊசியைக் கட்டித் தொங்கவிட்டார். உராய்வு போயிற்று; இழையின் முறுக்கு மட்டுமே மிஞ்சியது. இந்தக் கட்டுரைக்காக 1777இல், ஹாலந்து நாட்டு வான் ஸ்விண்டெனோடு பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மிஞ்சிய அந்த முறுக்கைத் தொந்தரவு என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. ஒரு கம்பியை முறுக்கினால் அது பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு விசையோடு முயல்கிறது என்று ஆராய்ந்தார். முறுக்கும் கோணம் இரண்டு மடங்கானால் எதிர்க்கும் விசையும் இரண்டு மடங்கு. கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் விசை பாதி. கம்பியின் குறுக்களவு இரண்டு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. இதை 1784இல் பேரவையில் வாசித்தார். இதில் ஒரு பெரிய வசதி ஒளிந்திருந்தது. கம்பி மயிரிழை போல மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால், கண்ணுக்கே புலப்படாத அற்ப விசைகூட அதைப் பல பாகைகள் முறுக்கிவிடும். முறுக்கிய கோணத்தை அளந்தால் விசையை அளந்ததாகும். எந்தத் தராசுக் கடையிலும் நிறுக்க முடியாத விசைகளை நிறுக்க ஒரு தராசு கிடைத்துவிட்டது. அதுதான் கூலூமின் முறுக்குத் தராசு. அது ஒரு கண்ணாடி உருளை. அதன் மேல் உயர்ந்த ஒரு குழாய். குழாயின் உச்சியிலிருந்து தொங்கும் மெல்லிய வெள்ளிக் கம்பி. கம்பியின் நுனியில் கிடையாக ஒரு குச்சி. கண்ணாடி எதற்கென்றால், அறையில் யாராவது மூச்சு விட்டாலும் குச்சி ஆடிவிடும் என்பதற்காக.

இதற்கு நடுவில் ரோஷ்ஃபோர் துறைமுகக் கப்பல் பட்டறையில் உராய்வைப் பற்றி ஆராய்ந்து 1781இல் மற்றொரு பெரும்பரிசு பெற்றார். அதே ஆண்டு பேரவை அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்ததால் ஊர் ஊராக அலைந்த வாழ்க்கை முடிந்து பாரிசில் தங்க வாய்த்தது. எனினும் அரசாங்கம் அவரைச் சும்மா விடவில்லை. பிரித்தானி மாநிலத்தில் கால்வாய், துறைமுகத் திட்டங்கள் சிலவற்றைப் பார்வையிட அனுப்பினார்கள். திட்டத்தில் உள்ள குறையை அவர் உள்ளபடியே எழுதிவிட்டார். இது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. 1783இல் சில நாட்கள் சிறையில் இருக்கும்படி ஆயிற்று. பிற்பாடு அவர் எழுதியதே சரி என்று உணர்ந்த மாநிலத்தார் பெரும் வெகுமதி அளிக்க முன்வந்ததாகவும், அவர் அதை மறுத்து நொடிமுள் வைத்த நல்ல கடிகை ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டதாகவும், அதைத் தம் சோதனைகளில் பயன்படுத்தியதாகவும் அவரைப் பற்றிய பழைய வரலாறுகள் சொல்கின்றன. அவருடைய காந்தச் சோதனையில் அறுபது நொடிகளைக் கணக்கிடுவது எவ்வளவு முக்கியம் என்பதை இப்போது பார்ப்போம்.

முதலில், மற்றவர்கள் ஏன் தோற்றார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். புவியீர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று நிறுவிய நியூட்டனே காந்தத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதினார். காந்த விசை வர்க்கத்தின்படியன்று, ஏறக்குறைய கனத்தின்படிக் குறைவதாக, அதாவது தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காவதாகத் தம் சோதனைகளிலிருந்து அவருக்குப் பட்டது. ஹாலந்தின் மூஸ்ஷன்புரூக் பலமுறை அளந்தும் ஒரே விகிதம் அகப்படவில்லை. பக்கத்தில் ஒரு விதமாகவும் தள்ளி ஒரு விதமாகவும் விடை வந்தது.

ஏன் அப்படி? காந்தம் தனியாக வருவதில்லை, ஜோடியாகவே வருகிறது என்பதுதான் காரணம். ஒவ்வொரு காந்தத்துக்கும் வடதுருவம் ஒன்று, தென்துருவம் ஒன்று. ஒன்று இழுக்கும் பொருளை மற்றது தள்ளும். நாம் அளப்பது இழுப்பை அன்று. இழுப்பில் தள்ளலைக் கழித்த மிச்சத்தை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள காந்தம். துருவங்கள் இரண்டும் சரியாக இரு நுனிகளில் இருப்பதாகவும், ஒவ்வொரு துருவத்தின் விசையும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதாகவும் வைத்துக்கொள்வோம். காந்தத்தின் நேர்க்கோட்டில், அருகிலுள்ள துருவத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. மறு துருவம் அங்கிருந்து 11 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது; அதன் எதிர்ப்பு ஒரு பொருட்டே அன்று. 1 சென்டிமீட்டரை 2 ஆக்கினால் விசை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். சரி, 10 சென்டிமீட்டரிலிருந்து 20க்குப் போவோம். இப்போது மறு துருவத்தின் எதிர்ப்பும் கணக்கில் ஏறுகிறது. நான்கில் ஒரு பங்கு என்று எதிர்பார்த்தால், ஐந்தரையில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகத்தான் வரும். 100 சென்டிமீட்டரிலிருந்து 200க்குப் போனால் ஏழரையில் ஒரு பங்கு. இன்னும் தூரம் போகப் போக, எட்டில் ஒரு பங்கை நெருங்கும். தொலைவில் நிற்பவனுக்கு இரண்டு துருவங்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பது போலத் தோன்றுகின்றன; ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட முழுவதும் அழித்துவிடுகின்றன. மிச்சம் வேகமாகத் தேய்கிறது. நியூட்டன் கண்ட கனம் பொய்யன்று. அது முழுக் காந்தத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவர் கண்ட உண்மை. மூஸ்ஷன்புரூக்குக்கு ஒரே விகிதம் அகப்படாததிலும் தவறில்லை. அருகுக்கும் தொலைவுக்கும் இடையில் விகிதம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

அப்படியானால் ஒரு துருவத்தை மட்டும் தனியே பிரித்து அளந்துவிட்டால் தீர்ந்தது அல்லவா? அது நடக்காது. காந்தத்தை நடுவில் வெட்டினால் வெட்டிய இடத்தில் புதிய துருவங்கள் முளைத்து இரண்டு முழுக் காந்தங்கள் ஆகிவிடும். எத்தனை துண்டாக்கினாலும் இதே கதைதான். வட்டாரத்துப் பெரியவர்கள் நேரில் முறைத்துக்கொண்டாலும் வீட்டை விட்டுப் பிரியாத தம்பதிகளைச் சொல்வார்களே, அந்த மாதிரி.

கூலூம் பிரிக்கவில்லை, தூர விலக்கினார். 25 பிரெஞ்சு அங்குல நீளமுள்ள மெல்லிய எஃகுக் கம்பியைக் காந்தமாக்கினார். (பிரெஞ்சு அங்குலம் நம் அங்குலத்தைவிடச் சற்றுப் பெரியது, 2.7 சென்டிமீட்டர்.) அவ்வளவு நீளக் கம்பியில் ஒரு துருவத்தின் அருகே சோதனை நடத்தினால், மறு துருவம் எங்கோ இருக்கும்; அது குறுக்கிடாது. துருவம் சரியாக நுனியிலேயே இருப்பதில்லை, நுனியிலிருந்து கிட்டத்தட்ட முக்கால் அங்குலத்துக்கு மேல் உள்ளே இருக்கிறது என்பதையும் முதலில் அளந்து கண்டுகொண்டார்.

சோதனை இது. ஓர் அங்குல நீளமுள்ள சிறு காந்த ஊசியைப் பட்டிழையில் தொங்கவிட்டார். அதைச் சற்றுத் திருப்பிவிட்டால் ஊஞ்சல் போல இங்கும் அங்கும் ஆடும். இழுக்கும் விசை வலுவானால் ஆட்டம் வேகமாகும். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணி, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் விசையின் அளவு கிடைக்கும். கம்பி அருகில் இல்லாதபோது, பூமியின் காந்தத்தால் மட்டும், ஊசி 60 நொடியில் 15 முறை ஆடியது. பின்னர் நீளக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் கீழ்த் துருவம் ஊசிக்கு 4 அங்குல தூரத்தில் இருக்கும்படி வைத்தார். 60 நொடியில் 41 ஆட்டம். 8 அங்குலத்துக்குத் தள்ளினார். 24 ஆட்டம். 16 அங்குலத்துக்குத் தள்ளினார். 17 ஆட்டம்.

இனி நமக்குத் தெரிந்த பெருக்கலும் கழித்தலும்தான். 15ஐ 15ஆல் பெருக்க 225. இது பூமியின் பங்கு, ஒவ்வொரு முறையும் கழிக்கவேண்டும். 41ஐ 41ஆல் பெருக்க 1681. 225 போக 1456. 24ஐ 24ஆல் பெருக்க 576. 225 போக 351. தூரம் 4லிருந்து 8 ஆனபோது விசை 1456லிருந்து 351 ஆயிற்று. நான்கில் ஒரு பங்கு 364 அல்லவா? மிகவும் அருகில் வந்துவிட்டது. மூன்றாவது, 17ஐ 17ஆல் பெருக்க 289; 225 போக வெறும் 64. பதினாறில் ஒரு பங்காக இருந்தால் 91 வந்திருக்க வேண்டும். இங்கே பெரிய வித்தியாசம் தெரிகிறது.

இந்த இடத்தில் அவர் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். 16 அங்குலத்தில் நிற்கும் ஊசிக்கு, கம்பியின் மேல் துருவம் இனி எங்கோ இருப்பதாகச் சொல்ல முடியாது. அதன் எதிர்ப்பும் வந்து சேர்கிறது. எவ்வளவு என்று கணக்கிட்டார்; 15 என்று வந்தது. 64உடன் 15ஐச் சேர்த்தால் 79. இருந்தும் 91 வரவில்லை. கூலூம் எண்ணை வளைக்கவில்லை. 79 என்றே எழுதினார். 60 நொடியில் 17 ஆட்டமா பதினேழரை ஆட்டமா என்ற சிறு ஐயமே அந்த வித்தியாசத்தை உண்டாக்கப் போதும். (பதினேழரையை அதனாலேயே பெருக்கிப் பார்த்துவிட்டு இந்த வரிக்குத் திரும்பி வாருங்கள்.) பரிசோதனைக் குறிப்பேட்டில் விடை ஒத்துவர வேண்டுமென்று கடைசி எண்ணை அழித்து எழுதும் நம் வழக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது!

ஒரே முறையை நம்பி அவர் உட்கார்ந்துவிடவில்லை. அதே விதியை முறுக்குத் தராசிலும் சோதித்தார். இரண்டு நீளக் காந்தக் கம்பிகளின் ஒத்த துருவங்களை எதிர் எதிரே வைத்தபோது, தொங்கும் கம்பி 24 பாகை விலகி நின்றது. உச்சியில் இருந்த திருகை மூன்று முழுச் சுற்றுச் சுற்றி அழுத்தியும் 17 பாகைக்குத்தான் நெருங்கியது. எட்டுச் சுற்றுச் சுற்றிய பிறகு 12 பாகை. பூமியின் காந்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, 24 பாகையில் 864 ஆக இருந்த விசை 12 பாகையில் 3312 ஆகியிருந்தது. தூரம் பாதி, விசை ஏறத்தாழ நான்கு மடங்கு. மின்னேற்றம் பெற்ற சிறு உருண்டைகளிலும் இதே விதியைத்தான் அவர் கண்டார். புவியீர்ப்பு, மின்சாரம், காந்தத் துருவம் மூன்றும் தூரத்துக்குக் கட்டுப்படும் முறை ஒன்றே என்று தெரிந்துவிட்டது.

உண்மைக்கு மாறாக எல்லாப் புகழையும் ஒருவருக்கே சூட்டிவிடக் கூடாது. இங்கிலாந்தில் ஜான் மிச்செல் என்பவர் 1750லேயே காந்தத் துருவத்துக்கு வர்க்க விதியைச் சொல்லி ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தார். ஆனால் யாரும் மறுக்க முடியாதபடிக் கருவியும் எண்ணும் வைத்து நிலைநாட்டியது கூலூம்தான்.

1785 முதல் 1791 வரை மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி ஏழு கட்டுரைகள் எழுதினார். காந்தத்தை வெட்டினால் ஏன் ஒவ்வொரு துண்டும் முழுக் காந்தம் ஆகிறது என்ற புதிருக்கும் விடை சொல்ல முயன்றார். எஃகின் ஒவ்வொரு நுண்துகளும் தனித்தனியே இரு துருவம் உடைய குட்டிக் காந்தம் என்றார். காந்தத்துக்கு இரண்டு வகைத் திரவம் காரணம் என்று அவர் நம்பியது பின்னால் தவறு என்றாயிற்று. குட்டிக் காந்தங்கள் என்ற எண்ணம் நிலைத்தது. ஒற்றைத் துருவத்தைத் தேடி இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகளும் எத்தனையோ கருவிகள் அமைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் உறுதியாக அகப்படவில்லை.

அவர் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த அந்த நாட்களில்தான் பிரான்சில் புரட்சி வெடித்தது. 1791இல் அவர் இராணுவப் பணியை விட்டு விலகினார். 1793இல் விஞ்ஞானப் பேரவை கலைக்கப்பட்டது. எடை, அளவைகளைச் சீர்படுத்தும் குழுவிலிருந்து அவரையும், வேதியியல் மேதை லவாய்சியேயையும், வேறு சிலரையும் நீக்கினார்கள். கூலூம் தம் நண்பர் போர்தாவுடன் புளுவா நகருக்கு அருகில் இருந்த தம் சிறு நிலத்துக்குப் போய்விட்டார். பாரிசில் இருந்த லவாய்சியே 1794 மே 8இல் கில்லட்டினுக்குப் பலியானார். இருவரும் ஒரே பேரவையில் அமர்ந்தவர்கள், ஒரே ஆணையால் நீக்கப்பட்டவர்கள். கிராமத்தில் இருந்த நாட்களிலும் கூலூம் சும்மா இருந்ததில்லை. மரங்களுக்குள் சாறு மேலேறுவதைக்கூட ஆராய்ந்தார்.

புயல் ஓய்ந்த பின் 1795இல் புதிய விஞ்ஞானக் கழகம் அமைந்தது. அதில் இடம் பெற்றுப் பாரிஸ் திரும்பினார். மனைவி, இரண்டு ஆண் குழந்தைகள் என்று குடும்ப வாழ்வு அவருக்கு மிகவும் தாமதமாகவே அமைந்தது. 1802 முதல் பொதுக்கல்வித் துறையில் தலைமைப் பார்வையாளராக இருந்து, நாடெங்கும் உயர்நிலைப் பள்ளிகளை ஏற்படுத்தும் பணியில் ஈடுபட்டார். மார்த்தினீக்கில் கெட்ட உடம்பு பிரயாணத்தைத் தாங்கவில்லை. 1806ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், எழுபதாம் வயதில், பாரிசில் காலமானார்.

அவருக்குப் பின் பிரெஞ்சுக் கணித மேதை புவாசோன் 1824இல் அவருடைய விதியை அடிப்படையாக வைத்துக் காந்தக் கணிதம் முழுவதையும் எழுதினார். ஜெர்மனியில் காஸ் 1830களில், முழுக் காந்தம் தொலைவில் கனத்தின்படிக் குறைவதை மிக நுட்பமாக அளந்து, ஒவ்வொரு துருவத்துக்கும் கூலூம் சொன்ன வர்க்க விதி சரியே என்பதை அந்த வழியாகவும் உறுதிப்படுத்தினார். அளவுகோல் ஒன்றும், திசைகாட்டி ஒன்றும், சட்டக் காந்தம் ஒன்றும் இருந்தால் நாமும் மேஜைமேல் இதைச் செய்து பார்க்கலாம். காந்தத்தை ஊசிக்குக் கிழக்கே வைத்து, அதன் நீளம் கிழக்கு மேற்காக இருக்கும்படி நகர்த்தி, ஊசி எத்தனை பாகை திரும்புகிறது என்று குறித்து, அந்தப் பாகையின் டேன்ஜெண்ட் மதிப்பை அட்டவணையில் பார்க்க வேண்டியதுதான். தூரத்தைக் காந்தத்தின் நடுவிலிருந்து அளக்க மறக்காதீர்கள். அருகில் இரும்பு நாற்காலி இருந்தால் கணக்கு கெட்டுவிடும்.

1881இல் பாரிசில் கூடிய உலக மின்னியல் மாநாடு மின்னேற்றத்தின் அலகுக்குக் கூலூம் என்று பெயரிட்டது. ஐஃபல் கோபுரத்தின் முதல் தட்டைச் சுற்றிப் பொறிக்கப்பட்டுள்ள எழுபத்திரண்டு பெயர்களிலும் அவர் பெயர் உண்டு. காந்தத்தின் அலகுகளுக்கு மட்டும் காஸ், வெபர், டெஸ்லா என்று மற்றவர் பெயர்களே அமைந்துவிட்டன.